மீன் படம் போட்ட டிரம்

…செடிக்கு என்ன தெரியும், அது பாட்டுக்குக் காய்த்துத் தள்ளுகிறது, என்று நினைத்துக்கொண்டே பாஞ்சாலி வெண்டை இலையை விலக்கினாள், இலையின் சுனை முழங்கையில் பட்டு அரித்தது, சொறிந்துகொள்ள நேரமில்லை, வெயில் ஏறுவதற்குள் பறித்துவிட வேண்டும், ஏறிவிட்டால் இந்தச் சிமெண்டுத் தரையில் கால் வைக்க முடியாது, அக்கினி நட்சத்திரம் இன்னும் முடியவில்லை, இப்போதே தரை தோசைக்கல் மாதிரி காந்துகிறது. காய் ஒவ்வொன்றும் விரல் நீளம், நுனியைத் தொட்டால் டப்பென்று ஒடிகிற பதம், முற்றல் என்று ஒன்றுகூட இல்லை, இதைப் போய்... சீ, என்ன நினைப்பு இது, விடிந்ததிலிருந்து இதே நினைப்பு, மகள் வருகிற நாளில் நல்லதாக எதையாவது நினைக்கக் கூடாதா? நாகப்பன் கிளம்பிப் போய்விட்டான், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வாடகைக் கார் பிடித்துக்கொண்டு, ஸ்ரீபெரும்புதூரில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்கு, கலைமதியை அழைத்து வர. வளைகாப்பு முடிந்துவிட்டது, இனிப் பிள்ளை பெற்று அது தலை நிற்கிற வரைக்கும் இங்கேதான், அம்மா கைச் சாப்பாடுதான். வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனான், "வந்ததும் வராததுமா பசின்னுவா. வெண்டிக்கா பொரியல் பண்ணு, வெள்ளரிக்கா பச்சடி, கத்திரிக்கா போட்டு ஒரு காரக்கொழம்பு. கடையில இன்னாத்தையும் வாங்காத. அவனுங்க எல்லாத்துக்கும் மருந்தடிக்கிறானுங்க. நம்மளது மருந்தே பாக்காத செடி." மருந்தே பாக்காத செடி... அது காதில் விழுந்தபோது இவள் கோலமாவு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள், மூடி சரியாக உட்காரவில்லை, கார் கிளம்புகிற வரைக்கும் அதையே அழுத்திக்கொண்டு நின்றாள்.

தோட்டம் என்று சொன்னால் யாரும் சிரிப்பார்கள். வீட்டுக்குப் பின்னால் முன்னே முழுக்க மண்தான், ஒரகடத்தில் கம்பெனி மேல் கம்பெனி வந்ததும் சேரப்பணஞ்சேரியில் ஆளாளுக்குப் பின்பக்கம் ரூம் கட்டி வாடகைக்கு விட்டார்கள், நாகப்பனும் கட்டினான், தகரக் கூரை போட்டு வரிசையாக, வாசலெல்லாம் சேறாகிறது என்று குடியிருப்பவர்கள் முணுமுணுக்க மதில் வரைக்கும் சிமெண்டு ஊற்றினான். மூலையில் மாமரத்துக்கும் முருங்கைக்குமாக ஒரு கட்டில் அகலத்துக்கு மண்ணை விட்டுவைத்தான், அவ்வளவுதான் பூமி. மற்றதெல்லாம் டிரம்மில்தான். நெடுக்கில் அறுத்து இரண்டாகப் பிளந்த நீல டிரம்கள், மதிலை ஒட்டி வரிசையாக, மாட்டுத்தொட்டி மாதிரி. ஒன்றில் வெண்டை, ஒன்றில் கத்தரி, கம்பி கட்டி மேலே ஏற்றிய புடலை, கடைசித் தொட்டியில் வெள்ளரி, கொடி வழிந்து தரையில் கிடக்கிறது. அடுத்தவன் கழனியில் வரப்பு அண்டை வெட்டியே பாதி ஆயுசை விட்டவன், மீதியைக் குடோனில் மூட்டை தூக்கி முடித்துக்கொண்டிருக்கிறவன், அவனுக்கு இந்தத் தொட்டிகள்தான் எல்லாம், வேலை விட்டு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் இங்கேதான் வந்து நிற்பான், ஒவ்வொரு காயாகத் தடவிப் பார்ப்பான், பெற்ற மகளைக்கூட அப்படித் தடவிப் பார்த்ததில்லை. அவனிடம் போய் எப்படிச் சொல்வது? என்னவென்று சொல்வது?

வியாழக்கிழமை வரைக்கும் ஒன்றும் தெரியாது, வியாழக்கிழமை அந்த ஷெட்டுப் பக்கம் பெருக்கப் போகாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் தெரிந்திருக்காது, தெரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமா? பாஞ்சாலிக்கு வல்லம் வடகால் பக்கம் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங், கான்ட்ராக்ட் வேலை, எப்போதும் கேன்டீனும் கக்கூசும்தான் இவள் பங்கு, அன்றைக்கு ஆள் குறைவு என்று சூப்பர்வைசர் பின்பக்கம் அனுப்பினான். அங்கே அதே நீல டிரம், அதே வெள்ளை மூடி, அடுக்கடுக்காக. பக்கத்தில் ஸ்டோர்ஸ் அந்தோணிராஜ் டீ குடித்துக்கொண்டு நின்றான், சிரித்துப் பேசுகிற பையன், அதனால்தான் கேட்டாள், "தம்பி, காயலாங்கடைக்குத்தான போவப் போவுது, எனக்கு ஒண்ணு குடுப்பா. இன்னொரு கொடி வெக்கணும்." அவன் டீ புரையேறச் சிரித்தான். "இன்னாக்கா, காமெடியா? இது பிளேட்டிங்குக்கு வர்றது, முலாம் பூசுற வெஷத் தண்ணி. இத்தத் தூக்கவே நாங்க கிளவுஸ் போட்டுக்கினு தூக்குறோம்." கழுவிவிட்டு வைத்தால் என்ன என்று கேட்டாள், குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நீ ஏரில போட்டு ஊற வெச்சாலும் போவாதுக்கா, பிளாஸ்டிக்குள்ளயே எறங்கிக்கீது. செடி நல்லா வரும். வெச்ச நீதான் இருக்க மாட்ட." மறுபடியும் சிரித்தான், பிறகு இவள் முகத்தைப் பார்த்தான், சிரிப்பு பாதியில் நின்றது. "இன்னாக்கா, வூட்ல எதுனா வெச்சுக்கீறியா?" "சேச்சே, நா ஏன் வெக்கப் போறேன்." "அதான பார்த்தேன். தோ பாரு, படிக்கத் தெரியாதவனுக்கும் புரியணும்னுதான் படம் போட்டுக்கீறான். மரம் பட்டுப் போச்சு, மீன் செத்துப் போச்சு." பேப்பர் டம்ளரைக் கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டுப் போய்விட்டான். அந்தக் குப்பையை இவள்தான் அள்ளினாள்.

மரமும் மீனும். சிவப்புக் கட்டத்துக்குள் ஒரு மரம், கீழே ஒரு மீன். வேல்ராஜ் காயலாங்கடையிலிருந்து மினி லாரியில் டிரம்களை ஏற்றிக்கொண்டு வந்த அன்றைக்கு நாகப்பன் அந்தப் படத்தைத்தான் முதலில் காட்டினான், என்னமோ புதையலைக் காட்டுகிற மாதிரி. "மரம் போட்டு மீனு போட்டுக்கீறான் பாரு. மரத்துக்கு ஊத்துற மீன் கரைசல் வந்த டிரம்மு இது. கழுவாம வெச்சாலே செடி எகிறும்." வேல்ராஜும் தலையாட்டினானாம், ஆமாண்ணே, உரக் கம்பெனி சரக்குத்தான் என்று, அவனுக்கு விற்றால் சரி. இவளும் நம்பினாள், நம்பாமல் என்ன, படப்பை உரக்கடையில் செடிக்கு ஊற்றுகிற மீன் அமிலத்தைப் பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள், அந்தப் பாட்டிலிலும் மீன் படம்தானே போட்டிருக்கிறது? மீனுக்கு மேலே எழுதியிருந்ததெல்லாம் இங்கிலீஷ். கலைமதி அப்போது புருஷன் வீட்டில் இருந்தாள், படித்தவள், பக்கத்தில் இருந்திருந்தால் படித்துச் சொல்லியிருப்பாள், அவளை யார் கேட்டார்கள்... தண்ணீர் விட்டதும் உள்ளேயிருந்து ஒரு புளித்த வாடை வந்தது, மீன் வாடை இல்லை, அப்போதாவது யோசித்தாளா? வாடைதானே என்று புளியைக் கரைத்து ஊற்றினாள், சாணித்தண்ணீர் ஊற்றினாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள், கையெல்லாம் தோல் உரிந்தது, சாம்பல் காரம் என்று நினைத்துத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டாள். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று ஸ்டிக்கரையும் இவள்தான் அரிவாள்மணை நுனியால் சுரண்டினாள். வெள்ளரித் தொட்டியில் மட்டும் மீன் வால் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

கத்தரிக்குக் கை போயிற்று, காம்பு முள் குத்தியது, விரலை வாயில் வைக்கப் போனவள் வைக்காமல் புடவையில் துடைத்துக்கொண்டாள். இந்தக் கத்தரிக்காயைத்தானே போன கோடையில் சுட்டுப் பிசைந்து கொடுத்தாள், வாந்தி எடுத்து எடுத்துக் கண்ணெல்லாம் குழிவிழுந்து வந்து படுத்திருந்த கலைமதிக்கு. முதல் பிள்ளை. எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி லைனில் நின்றுகொண்டே வேலை, மசக்கை தாங்க முடியாமல் லீவு போட்டுவிட்டு வந்தாள், சோறு இறங்கவில்லை, குழம்பு வாடை ஆகவில்லை, இந்த வெள்ளரிக்காய் மட்டும் இறங்கியது. கொடியிலிருந்து தானே பறித்து, நைட்டியில் துடைத்து, உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டுக்கொண்டு இங்கேயே, இந்தத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து தின்பாள், நாகப்பன் பார்த்துப் பார்த்துப் பூரித்துப் போவான். இன்னும் ஒன்று தின்னு பாப்பா, இன்னும் ஒன்று தின்னு என்று இவளும்தானே சொன்னாள். பிறகு ஒரு நாள் காலையில் இடுப்பு வலி என்றாள், ஆஸ்பத்திரியில் வயிற்றின் மேல் அந்தக் கருவியை வைத்து உருட்டி உருட்டிப் பார்த்த பெண் ஒன்றும் பேசாமல் எழுந்து போய் டாக்டரைக் கூட்டி வந்தாள், பேசாமல் எழுந்து போனபோதே பாஞ்சாலிக்குத் தெரிந்துவிட்டது. சம்பந்தி கங்கம்மாள் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ஆரம்பித்தாள், "நாள் முச்சூடும் நின்னுக்கினே வேலை பார்த்தா எந்தக் கரு தங்கும்? சொன்னா யார் கேக்குறா?" இவள் பதிலுக்கு, நீங்கள் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்தால் அவள் ஏன் அம்மா வீட்டுக்கு ஓடி வருகிறாள் என்று கத்தினாள், இரண்டு பேரும் மாறி மாறிக் கத்தினார்கள். கட்டிலில் கிடந்தவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "சண்ட போடாதீங்க. நாந்தான் கொன்னுட்டேன். ஓ.டி. வேணும்னு நாந்தான் கேட்டு வாங்கினேன்." வேலையை விட்டுவிட்டாள். வளைகாப்பன்றுகூட, ஊரே வளையல் அடுக்கிக்கொண்டிருக்கும்போது கலைமதி இவள் காதோடு கேட்டாள், "இந்தத் தடவ நா ஒண்ணுமே தப்பு பண்ணலையேம்மா?" நீ எப்போது தப்பு பண்ணின, என்று ஒரு வார்த்தை... வளைகாப்பன்றைக்குத் தெரியாதே. இப்போது தெரியும். இப்போது தெரிந்ததா? என்ன தெரிந்தது? எத்தனையோ பேருக்குக் கரு நிற்பதில்லை, அவர்கள் வீட்டிலெல்லாம் டிரம்மா இருக்கிறது? யார் சோதித்துப் பார்த்துச் சொன்னார்கள், அந்தோணிராஜ் என்ன டாக்டரா?

வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது நாகப்பனிடம் சொல்லிப் பார்த்தாள். முழுசாகச் சொல்லவில்லை, அந்த டிரம்மு நல்லதில்லையாம், கம்பெனியில் சொன்னார்கள் என்று மட்டும். நாகப்பன் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை. "எவன் சொன்னான்? அவன் சொல்றது அவன் டிரம்மு. நம்மளது வேற. ரெண்டு வருசமா துன்னுறோம், செத்தா பூட்டோம்?" வேண்டுமென்றே வெண்டைக்காயை ஒரு கை அள்ளிப் போட்டுக்கொண்டு மென்றான், இவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே மென்றான், மாடு மாதிரி. ஆனால் கை கழுவப் பின்பக்கம் போனவன் வெகு நேரம் உள்ளே வரவில்லை, எட்டிப் பார்த்தாள், வெள்ளரித் தொட்டி முன்னால் குந்திக்கொண்டு அந்த மீன் வாலைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தான், தேய்த்துத் தேய்த்துப் பார்த்தான், வரவில்லை. இவள் பார்த்ததை அவன் பார்க்கவில்லை. அதற்கப்புறம் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை, இன்றைக்குக் காலையில்தான் மருந்தே பாக்காத செடி என்றான், தேவைக்கு மேல் சத்தமாக. சத்தமாகச் சொன்னது யாருக்கு? சொல்லிவிட்டால் என்ன ஆகும்... கலைமதி நெஞ்சில் கிடக்கிற கல்லை இறக்கி வைப்பாள், நான் இல்லை, என் வேலை இல்லை என்று ஒரு மூச்சு விடுவாள், பாவம், அதுவாவது அவளுக்குக் கிடைக்கும், ஆனால் இறக்கி வைத்த கல்லை எங்கே வைப்பாள்? இந்தத் தொட்டி மேல்தானே, அம்மா அப்பா தலை மேல்தானே? மாப்பிள்ளை புருஷோத்தமன் ஒன்றும் சொல்ல மாட்டான், அந்த மௌனம் போதாதா, கங்கம்மாள் வந்து வாசலில் நின்று ஊரைக் கூட்டுவாள், சொந்தப் பேரப்பிள்ளையை விஷம் வைத்துக் கொன்ன வீடு என்பாள், அழைத்த பெண்ணைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். கலைமதியும் போய்விடுவாள். அம்மா கைச் சோற்றை இனி எப்படி வாயில் வைப்பாள்? சொல்லாமலே பார்த்துக்கொள்ளலாமே, காயை மட்டும் கண்ணில் காட்டாமல்...

"என்னக்கா, விடியக்காலமே பறிக்க ஆரம்பிச்சிட்டிய? இன்னைக்குத்தான மக வாரா?" வேல்விழிதான், மூன்றாவது ரூமில் இருக்கிறவள், சங்கரன்கோவில் பக்கத்துக்காரி, இடுப்பில் கைக்குழந்தை என்றும் சொல்ல முடியாது, நடக்கிற வயசுதான், நடக்க மாட்டேன் என்று தொங்குகிற பெண் பிள்ளை. புருஷன் ஏசுவடியானுக்கு நைட் ஷிப்ட், இன்னும் பஸ் வரவில்லை. ஆமாம், வந்துகினே கீறாங்க என்றாள் பாஞ்சாலி, நிமிராமல். "வெண்டக்காயப் பாருங்களேன். எங்க ஊர்ல இந்த வெயிலுக்குக் கள்ளியே வாடிரும். மாமாவுக்கு ராசியான கைதான்." "கைதான் ராசி. வாய் இல்ல." வேல்விழி பெரிதாகச் சிரித்தாள், இடுப்பில் இருந்ததும் காரணம் தெரியாமல் சிரித்தது. எப்படிச் சிரிக்கிறாள், கங்கம்மாள் இப்போது அங்கே என்ன சொல்லிக்கொண்டிருப்பாள், இந்தத் தடவையாவது ஒழுங்காகப் பார்த்து அனுப்புங்கள் என்று நாகப்பனிடம் சொல்லியிருப்பாள், அவன் தலையைக் குனிந்துகொண்டு காபியைக் குடித்திருப்பான், ஒழுங்காக என்றால் என்ன, நாங்கள் என்ன ஒழுங்கில்லாமல் பார்த்தோம், வாயில் வைத்ததையெல்லாம் எடுத்து ஊட்டினோமே... "ஏக்கா, போதும், போதும்" என்று வேல்விழி சொல்வது காதில் விழுந்தது, குனிந்து பார்த்தாள், முறத்தில் இருந்த வெண்டைக்காய் முக்கால்வாசி வேல்விழி தோளிலிருந்து எடுத்து விரித்த துண்டில் கிடந்தது, மேலே கத்தரிக்காய் வேறு. "மகளுக்கு வேண்டாமாக்கா?" "செடில இன்னும் கீது. எடுத்துக்கோ." இந்த வீட்டில் அது வழக்கம்தான், விளைந்ததை வாடகைக்கு இருப்பவர்களுக்குக் கொடுக்காமல் தின்றதில்லை, நாகப்பன் சொல்லி வைத்திருக்கிறான், கொடுத்தால்தான் செடி காய்க்கும் என்பான். பிள்ளை ஒரு காயை எடுத்துக் கடித்தது. "பாருங்க, பச்சையாவே தின்னுரும் இது, குரங்குக்குப் பொறந்தது" என்று அதன் கன்னத்தைக் கிள்ளிவிட்டு வேல்விழி போனாள்.

பாஞ்சாலி மாமரத்து மூலைக்கு வந்தாள். இங்கேதான் கொஞ்சம் மனசு ஆறுகிறது, மண் என்றால் மண்தான், மாமரம் டிரம்மெல்லாம் வருவதற்கு முன்னாலிருந்து நிற்கிறது. தொரட்டியை மாட்டி இழுத்தாள், காய் விழுந்தது, இன்னொன்று விழுந்தது, பால் வடிந்தது, அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. முருங்கைக்காயும் நாலைந்து பறித்தாள். குனிந்து பொறுக்கும்போதுதான் பார்த்தாள், தொட்டிகளின் அடியில் நாகப்பன் காய்ச்சிய கம்பியால் போட்ட ஓட்டைகள், ஊற்றிய தண்ணீர் அதன் வழியாகக் கசிந்து, சிமெண்டில் ஈரக் கோடாக, சரிவு பார்த்து, நேராக வந்து மாமரத்தின் வேரில் முடிகிறது. தண்ணீர் வீணாகக் கூடாது என்று அப்படிச் சரிவு வைத்துப் பூசச் சொன்னதே இவள்தான். மேம்பாலத்துப் பக்கம் கன்டெய்னர் லாரி ஒன்று ஹாரனை விடாமல் அடித்தது. மரம் பெரியது, வேர் ஆழமாகப் போயிருக்கும், இவ்வளவு தண்ணீரா அதை ஒன்று செய்துவிடப் போகிறது, என்று சொல்லிக்கொண்டாள், சொல்லிக்கொண்டே மாங்காயை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள், எதையாவது ஒன்றை நம்பித்தானே உலை வைக்க வேண்டும்.

போன் அடித்தது. கலைமதிதான். "ம்மா, ஒரகடம் பாலம் எறங்கிட்டோம். ஒரே லாரியா கீது, நகரவே மாட்டேங்குது. அப்பா டிரைவருக்குச் செடி வெக்கக் கத்துக் குடுத்துக்கினு வராரு, அந்தாளு தூங்கிடப் போறாருன்னு எனக்கு பயமா கீது." பாஞ்சாலி சிரித்தாள், சிரிக்க முடிந்தது. வயிறு எப்படி கீது பாப்பா? "உதைக்கிதும்மா. வண்டி குலுங்குனா பதிலுக்கு ஒரு உதை. உன்ன மாதிரியே திமிரு." மாங்கா பறிச்சு வெச்சுக்கீறேன். "மாங்கா வேணாம்மா, நெஞ்சு எரியுது. வெள்ளரிக்கா காய்ச்சிக்கீதா? போன தடவ மாதிரி உப்பு மொளகா போட்டு..." போன தடவை என்று வந்ததும் பாஞ்சாலி வெள்ளரித் தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள், காருக்குள் நாகப்பன் குரல் மட்டும், சாணியை அப்படியே போடாதப்பா, மக்கவைத்துப் போடணும் என்று கேட்டது. "வெய்யில்ல வெள்ளரிக்கா கசந்து பூட்ச்சு பாப்பா" என்றாள் பாஞ்சாலி. கசக்கவில்லை. கொடியில் இலைக்கு அடியில் இளசாக, பூ ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. போனை வைத்ததும் அரிவாளை எடுத்து வந்து கொடியை அடியோடு அறுத்தாள், காயும் பூவுமாகச் சுருட்டி மதிலுக்கு அந்தப் பக்கம் முள்புதரில் எறிந்தாள், எறிந்த பிறகுதான் நாகப்பன் கேட்பானே என்று தோன்றியது, கேட்கட்டும், மாடு மேய்ந்துவிட்டது என்று சொல்லலாம். கேட்பானா? முனைக் கடைக்கு ஓடிப் போய் வாழைக்காயும் பூசணிக்கீற்றும் வாங்கி வந்தாள். மருந்தடித்த காய். அது மருந்தடித்தது என்றாவது தெரியும்.

சாம்பார் கொதித்தது, வாழைக்காய் வறுத்தாகிவிட்டது, ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து வைத்தாள். காரிலிருந்து கலைமதி வயிற்றைத் தாங்கிக்கொண்டு இறங்கினாள், இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் முழங்கை வரைக்கும், முகம் உப்பியிருந்தது, பார்க்க நன்றாக இருந்தாள், அவ்வளவு நன்றாக இருந்தது பாஞ்சாலிக்குப் பயமாக இருந்தது. சுற்றிப் பொட்டு வைத்து உள்ளே அழைத்ததும் கலைமதி பின்கட்டு வரைக்கும் போய் மூக்கை உறிஞ்சினாள். "ம்மா, வெண்டிக்காதான? எச்சி ஊறுது." "நம்ம வூட்ல இல்ல. வேல்விழி ரூம்ல வதக்குறா." சொன்னதுதான் தாமதம், வேல்விழி கிண்ணத்தோடு பின்வாசற்படியில் நிற்கிறாள். "வா தாயி, நல்லாருக்கியா? மாசமா இருக்க பிள்ளை வாசம் பிடிச்சிட்டா குடுத்துரணும், இல்லன்னா பிறக்குறதுக்குக் காதுல சீழ் வடியும்பாவ எங்க ஊர்ல. இந்தா." கலைமதி கையை நீட்டினாள், வளையல் எல்லாம் மணிக்கட்டுக்கு இறங்கிச் சத்தம் போட்டது, அந்தச் சத்தம் அடங்குவதற்குள் பாஞ்சாலி நடுவில் புகுந்து கிண்ணத்தைப் பிடுங்கிவிட்டாள். "வேணாம்." இவ்வளவு கடுமையாக வரும் என்று அவளே நினைக்கவில்லை. "டாக்டரு துன்னக் கூடாதுன்னுக்கீறாரு." "எந்த டாக்டரும்மா? எனக்குத் தெரியாம?" சந்து வழியாகப் பின்பக்கம் வந்த நாகப்பன் ஒரு செருப்பைக் கழற்றியவன் இன்னொன்றைக் கழற்றாமல் நின்றான். அவன் கிண்ணத்தைப் பார்க்கவில்லை, மகளைப் பார்க்கவில்லை, மதில் பக்கம் வெறுமையாகக் கிடந்த கடைசித் தொட்டியைப் பார்த்தான், கொடி எங்கே என்று கேட்கவில்லை.

"காரமே இல்லக்கா" என்றாள் வேல்விழி, முகம் சுண்டிப் போயிருந்தது, தான் ஆக்கினது என்பதால் மறுக்கிறார்களோ என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. "எங்க பாப்பாவுக்காகக் காரமில்லாமத்தான் வதக்குனேன். அவ ஒரு கிண்ணம் தின்னுட்டா, இன்னும் கேக்கா." மூன்றாவது ரூம் வாசலில் அந்தப் பிள்ளை நின்றது, வாயைச் சுற்றி எண்ணெய் மினுமினுப்பு, விரலை ஒவ்வொன்றாகச் சப்பிக்கொண்டு. ஒரு வேளைதானே, ஒரு வேளை தின்றால் என்ன ஆகிவிடப் போகிறது, வளர்ந்த பிள்ளை, நாங்கள் எத்தனை நாள் தின்றிருக்கிறோம், என்று பாஞ்சாலிக்குள் ஒரு குரல் சாவதானமாகச் சொன்னது, அது நாகப்பன் குரல் மாதிரி இருந்தது, இல்லை, தன்னுடையதுதான். வேல்விழியிடம் சொல்லிவிடலாம், மீதியைக் கொட்டிவிடு என்று, ஏன் என்று கேட்பாள், கலைமதி இங்கேயே நிற்கிறாள்... கிண்ணம் சுட்டது, அடியில் இரண்டு கையையும் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். கலைமதி வாய்க்குப் போகவில்லை, அது போதும், நெஞ்சு படபடப்பு மெல்ல அடங்கிக்கொண்டு வந்தது. அடங்குவது அவளுக்கே தெரிந்தது. விரலைச் சப்பிக்கொண்டு நிற்கிற அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எப்படி அடங்குகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றாள், காலையில் துண்டை விரித்தபோது இந்தக் கை தெரியாமல்தான் கொட்டியதா, என்று.